பஸ் காசு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான்கு ஊசி போட்டேன். மூன்று தேங்காய் எண்ணெய், ஒன்று நல்லெண்ணெய்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனச்சிதைவு நோய்க்குப் போடும் டெப்போ ஊசிகளில் பழைய மருந்துகள் எண்ணெயில்தான் கரைத்து வரும். குளோபிக்சால் தேங்காயிலிருந்து எடுத்த மெல்லிய எண்ணெயில் இருக்கும். ஹாலோபெரிடால் டெக்கனோயேட் நல்லெண்ணெயில். எண்ணெய் தசைக்குள் தங்கிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இரண்டு வாரமோ நான்கு வாரமோ தாங்கும். மாத்திரையை விழுங்கினாரா, நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பினாரா என்ற தினசரிச் சண்டை மிச்சம். ஆனால் எண்ணெய் என்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக் குத்தி, ஊசியை எடுத்த பிறகு விட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வந்த வழியே கசிந்துவிடும். அவசரப்பட்டு அமுக்கினால் வலி உயிர் போகும். அதனால் போடும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் சமூக மனநலக் குழுவில் நர்ஸ். ஏழு வருடம் ஆகிறது. எனக்கு வார்டு கிடையாது. கார் டிக்கிதான் வார்டு. ஊசிப் பெட்டி, ஊசி போட்டுவிட்டுப் போடும் மஞ்சள் டப்பா, பி.பி. கருவி, எடை மெஷின். ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவேன்.

அந்த வியாழக்கிழமை கடைசி வீடு நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. (அந்த மனிதரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் மாடியைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன்.) மூன்றாவது தட்டலில் கதவைத் திறந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கம் எப்படி, குரல்கள் கேட்கிறதா, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னார். அடுப்பு மேலே தூசி படிந்திருந்தது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார், போட்டேன். காலியான சிரிஞ்சை டப்பாவில் போடும்போது, "இந்த ரெண்டு வாரத்தில் இந்த வீட்டுக்குள் வந்த முதல் ஆள் நீதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்.

காருக்கு வந்து உட்கார்ந்ததும் ஃபோனைப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து வாட்ஸாப் குரல் பதிவு. "ஊசி போட்டாச்சு. இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குறோம்."

என் தம்பிக்கும் அதே நோய்தான். அதே நல்லெண்ணெய் ஊசிதான். 2009-இல் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஆரம்பித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து ஊசி போடும் அரசு மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட கிழமையில்தான் அங்கே வருவார். அம்மா நாலரைக்கு எழுந்து சமைத்து, தம்பியை எழுப்பி, குளிக்க வைத்து, ஆறரை பஸ்ஸைப் பிடிப்பாள். பன்னிரண்டு மணிக்குள் முறை வந்துவிட்டால் அன்று நல்ல நாள். ஒருமுறை ஊசி ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அடுத்த வாரம் மறுபடி போனாள். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிற ஒரே டாக்டர் ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஊர் ஊருக்கு மனநல மருத்துவம் எப்படி நடக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், பட்ஜெட், படுக்கை எண்ணிக்கை எல்லாம் அப்புறம்தான் சொல்வேன். முதலில் பஸ் காசு யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன். இங்கே என் பெட்ரோலுக்கு அரசாங்கம் மைல் கணக்கில் காசு தருகிறது. அங்கே அம்மா தருகிறாள்.

இந்தப் பஸ் காசுக் கணக்கு என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் குழுவில் ஜிம்பாப்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். இங்கே மனநல நர்ஸ்களில் ஜிம்பாப்வேக்காரர்கள் நிறையப் பேர். மதிய உணவு இடைவேளையில் அவர்தான் டிக்சன் சிபாண்டா கதையைச் சொன்னார். ஹராரேயில் மனநல மருத்துவர். அவரிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். மருத்துவமனைக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று தாயைக் கேட்டாராம். பஸ்ஸுக்குப் பதினைந்து டாலர் இல்லை என்றாளாம் அந்தத் தாய். அதற்குப் பிறகுதான் 2006-இல் ம்பாரே என்ற பகுதியில் பதினான்கு பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வருகிறவர்களிடம் பாட்டிகள் பேசுவார்கள். மன அழுத்தம் என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். என் அம்மா தம்பியைப் பற்றி முதன்முதலில் என்னிடம் சொன்னதும் இதேதான்: "புள்ள ரொம்ப யோசிக்கிறான்டி." 2016-இல் இந்தப் பெஞ்சை முறைப்படி ஆராய்ந்து, பலன் இருக்கிறது என்று மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மனச்சிதைவுக்கு இந்தப் பெஞ்சு போதாது, அது வேறு. ஆனால் பெஞ்சை எங்கே போட்டார்கள் என்று பாருங்கள். நடந்து போகிற தூரத்தில்.

சரி, தம்பிக்கு வருகிறேன். முதலில் நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. நான் நர்சிங் முடித்துச் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் யார் கேட்பது? செய்வினை என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள். பெரியம்மா குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். அம்மாவும் தம்பியும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அங்கே தங்கினார்கள். உச்சிகால பூஜையில் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்பத்தெட்டு நாளில் அம்மா தன்னைப் போலவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த இருபது அம்மாக்களைப் பார்த்தாள். இங்கே இதற்கு 'பராமரிப்பாளர் ஆதரவுக் குழு' என்று பெயர் வைத்து மாதம் ஒருமுறை பிஸ்கட்டோடு நடத்துகிறோம். நான்கு பேர் வந்தால் அதிகம்.

பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே புனித டிம்ஃப்னா கோயிலுக்கு இடைக்காலத்திலிருந்தே மனநலம் குன்றியவர்களை அழைத்து வருவார்கள். கோயிலில் இடம் போதாமல் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். அது வழக்கமாகி, பிறகு அரசாங்கமே மேற்பார்வை பார்த்துக் காசு கொடுக்கும் முறையாக மாறிவிட்டது. 1930-களின் கடைசியில் அந்தச் சின்ன ஊரின் வீடுகளில் மூவாயிரத்து எண்ணூறு பேர் வரை இருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது, ஆனால் முறை இருக்கிறது. குணசீலத்தைப் போலத் தொடங்கிய கதைதான். எங்கள் பக்கம் அது வேறு மாதிரியும் போயிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். நான் அப்போது பத்தாவது. பேப்பரில் வந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து வருடத்துக்குள் எங்கள் வீட்டிலேயே ஒருவனைக் கட்டுவோம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

கட்டினோம். 2010-இல், பெரியப்பா பையன்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து, துண்டால், ஓர் ஆம்னி வேனில். அவன் மூன்று நாளாகத் தூங்கவில்லை, சாப்பாட்டில் விஷம் என்று அம்மாவைத் தள்ளிவிட்டிருந்தான். திருச்சியில் ஒரு தனியார் கிளினிக்கில் இறக்கினோம். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். வண்டியில் அவன் என்னைப் பார்த்து, "அக்கா, நீயுமா?" என்றான். பதினைந்து வருடம் ஆகிவிட்டது, இதற்கு நான் பதில் சொன்னதில்லை.

இதே காரியம் இங்கே எப்படி நடக்கிறது என்று முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற ஒருவர், பெரும்பாலும் சமூகப் பணியாளர், தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். செக்‌ஷன் 2 என்றால் 28 நாள், செக்‌ஷன் 3 என்றால் ஆறு மாதம் வரை. உரிமைகளைக் காகிதத்தில் கையில் கொடுத்து வாசித்துக் காட்டுவோம். வேண்டுமானால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வக்கீல் இலவசம். வாரக்கணக்கில் குளிக்காத ஒருவர் தீர்ப்பாயத்தில் கோட் போட்டுக்கொண்டு வந்து எங்கள் டாக்டரைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் தோற்றார். ஆனால் பேசினார்.

நம் ஊரிலும் காகிதத்தில் இப்போது இதெல்லாம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நோயாளியே முன்கூட்டி எழுதி வைக்கலாம். நோயாளியின் சம்மதமில்லாத அனுமதி முதலில் முப்பது நாளுக்கு மேல் போகக் கூடாது. ஏழு நாளுக்குள், பெண்களும் சிறுவர்களும் என்றால் மூன்று நாளுக்குள், மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நல்ல சட்டம். எங்கள் ஊரில் இதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கிலாந்தைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிலுக்கு இங்கே படும் பாடு கொஞ்சமில்லை. 1961-இல் சுகாதார அமைச்சர் ஈனோக் பவல் பழைய மனநோய் மருத்துவமனைகளின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களைப் பற்றிப் பேசி, இவை எல்லாவற்றையும் மூட வேண்டும் என்றார். மூடினார்கள். 1980-களின் இறுதியில்கூட இங்கிலாந்தில் அறுபதாயிரத்துக்கு மேல் இருந்த மனநலப் படுக்கைகள் இப்போது இருபதாயிரத்துக்குள். நான் வேலைக்குப் போகும் வழியில் அப்படி ஒரு கோபுரம் நிற்கிறது, கீழே சொகுசு அடுக்குமாடி. (இதற்கு நேர் எதிர் ஜப்பான். அங்கே இன்றும் மூன்று லட்சத்துக்கு மேல் படுக்கைகள், பெரும்பாலும் தனியார். வருடக்கணக்கில் உள்ளேயே இருப்பவர்கள் ஏராளம்.) மூடிய அளவுக்கு வெளியே ஆள் போடவில்லை. போன குளிர்காலத்தில் எங்கள் நோயாளி ஒருவருக்குப் படுக்கை கிடைத்தது இருநூறு மைல் தள்ளி. அவருடைய அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியாது. இங்கேயும் வந்துவிட்டது பார்த்தீர்களா, பஸ் காசு.

அந்த அம்மாதான் ஒருநாள் அலுவலக எண்ணுக்கு அழைத்தார். "என் மகன் சாப்பிடுகிறானா?" அவ்வளவுதான் கேட்டார். மகன், அம்மாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாசகம் இருக்கிறது: 'உங்கள் கவலையைக் கேட்டுக்கொள்ள முடியும், தகவல் தர முடியாது.' சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலை அம்மாவை அழைத்துத் தம்பி என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். "ரெண்டு தோசை, தக்காளிச் சட்னி" என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

நம் ஊரில் இந்தக் கதவு வேறு பக்கமாகத் திறக்கும். அம்மாவிடம் எல்லாம் சொல்வார்கள், தம்பியிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். "பையன் எப்படி இருக்கான்மா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்பார், பையன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஆனால் கூட ஆள் இருப்பது நம் மருத்துவத்தின் பலவீனம் மட்டும் கிடையாது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற டாக்டர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்தே குடும்பத்தோடு தங்கி வைத்தியம் பார்க்கும் முறையில்தான் நடக்கிறது. மேல்நாடுகளில் குடும்பமே நோய்க்குக் காரணம் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான்காவது மாடி மனிதருக்கு வேலூர் முறை இருந்திருந்தால் என்று சில நாள் தோன்றும். அவருக்குக் கூடத் தங்க ஓர் ஆள் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்?

ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் யாரையாவது திட்டினால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்'. அந்த மருத்துவமனையின் கதை 1794-இல் தொடங்குகிறது. கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871-இல். இலங்கைத் தமிழர்களுக்கு 'அங்கொடை'. எங்கள் குழுவில் வேலை செய்யும் மலேசியத் தமிழ்ப் பெண் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பாள். பேராக்கில் பழைய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஊளம்பாறை. ஆங்கிலேயர்களிடம் கேட்டேன், உங்களுக்கு? 'பெட்லம்'. லண்டனில் 1247-இல் தொடங்கிய பெத்லெம் மருத்துவமனையின் பெயர் தேய்ந்து, இன்று கூச்சல் குழப்பத்துக்கு அதுவே சொல். பெரிய சுவருக்குள் வைத்தால் ஊர்ப் பெயரே வசவாகிவிடும் போலிருக்கிறது. எங்கள் குழுவின் பெயரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. எங்கள் அலுவலகம் ஒரு கார்ப்பெட் கடைக்கு மேலே இருக்கிறது, அங்கே அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாத விடுப்பில் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துக்குப் போனேன். விமான டிக்கெட் மலிவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, நர்சிங் படிக்கும்போது ஒரு பத்தியாகப் படித்த ஃபிராங்கோ பசாலியா. 1971-இல் அங்கே சான் ஜொவான்னி மனநோய் மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தபோது உள்ளே ஏறத்தாழ 1,200 பேர். வார்டுகளைத் திறந்துவிட்டார். 1973-இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து நீல நிறத்தில் பெரிய குதிரை ஒன்று செய்தார்கள், துணி வண்டி இழுத்த நிஜக் குதிரையின் பெயரையே வைத்தார்கள், மார்கோ கவால்லோ. ஊர்வலமாக அதை இழுத்துக்கொண்டு ஊருக்குள் போனார்கள். 1978 மே 13-இல் இத்தாலி முழுக்க மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடும் 180-ஆம் எண் சட்டம் வந்தது. 1980-இல் சான் ஜொவான்னி மூடப்பட்டது. பசாலியாவும் அதே ஆண்டு இறந்துபோனார்.

இன்று அந்த வளாகம் பூங்கா. ஆயிரக்கணக்கில் ரோஜா வகைகள். நான் போனபோது எல்லாம் பூத்திருந்தன. ஒரு சுவரில் 'சுதந்திரமே சிகிச்சை' என்று இத்தாலிய மொழியில் எழுதியிருக்கிறது. கட்டடங்களுக்கு நடுவே காலேஜ் பிள்ளைகள் போய் வருகிறார்கள், முன்னாள் நோயாளிகளின் கூட்டுறவு அமைப்பு நடத்தும் கஃபேயில் காபி குடித்தேன். கடற்கரைப் பக்கம் பார்கோலாவில் இருக்கும் மனநல மையத்தையும் போய்ப் பார்த்தேன். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், சில படுக்கைகள் மட்டும். நெருக்கடி என்றால் நேராக வந்துவிடலாம், இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுப் போகலாம். சீருடை கிடையாது. யார் நர்ஸ், யார் நோயாளி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நான் ஓர் ஆளிடம் ரொம்ப நேரம் வேலை நேரம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன், அவர் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்.

கட்டாய சிகிச்சைக்கு அங்கே கையெழுத்துப் போடுவது மேயர். இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், மேயர் உத்தரவிட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி உறுதிசெய்ய வேண்டும். ஏழு நாள்தான், நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடியும் காரணம் காட்ட வேண்டும். எங்கள் ஊராட்சித் தலைவரிடம் போய்த் தம்பியைக் கொண்டுபோக உத்தரவு கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. ஆம்னி வேனை நினைத்ததும் நின்றுவிட்டது. ஊரில் ஒருவராவது தன் பெயரை எழுதி, இதை நான் செய்யச் சொன்னேன் என்று சொல்லியிருப்பார் அல்லவா. (இத்தாலி முழுக்க இப்படி என்று எண்ண வேண்டாம். அங்கேயும் மாகாணத்துக்கு மாகாணம் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.)

சான்றிதழ் கதையை விட்டுவிட்டேன். மனநோய்க்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க 40 சதவீதம் வர வேண்டும். சுயபராமரிப்பு, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பில் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை போடுவார்கள். எத்தனை வருடமாக நோய் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 2021-இல் அம்மா முகாமுக்குத் தம்பியை அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் கேட்டார்: "தானா குளிப்பானா?" "குளிப்பான் சார்." "சாப்பாடு?" "தானாப் போட்டுச் சாப்பிடுவான் சார்." "வேலை?" "ஆட்டுக்குத் தழை ஒடிச்சிட்டு வருவான் சார்." ஒவ்வொரு பதிலையும் தலை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாள். அவன் முன்னால், இருபது பேர் காத்திருக்கும் வரிசைக்கு முன்னால், என் பிள்ளைக்கு எதுவும் வராது என்று எந்த அம்மா சொல்வாள்? 40 வரவில்லை. அந்த வருடம்தான் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது. அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, தம்பிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள்.

2023-இல் நான் விடுப்பில் போனபோது கூடவே போனேன். முந்தின நாள் ராத்திரி அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். "குளிப்பானான்னு கேட்டா, நீ எத்தனை தடவை சொல்லணும்னு சொல்லும்மா. அவன் குளிக்கிறது உனக்குத் தெரியும், அதுக்கு நீ படுற பாட்டைச் சொல்லு." அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அட்டை கிடைத்தது. வீடு வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

இங்கேயும் அதே கூத்து உண்டு. பிஐபி என்று ஓர் உதவித்தொகை. சமைக்க முடியுமா, குளிக்க முடியுமா என்று கேட்டுப் புள்ளி போடுவார்கள். நான்காவது மாடிக்காரர் எல்லாவற்றுக்கும் 'முடியும்' என்று எழுதி அனுப்பப் பார்த்தார். அடுப்பின் மேல் தூசியைக் காட்டினேன். அவரும் ஜன்னல் பக்கம்தான் பார்த்தார்.

நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதினால் பொய். மெட்ராஸில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை வருடக்கணக்கில் நடத்திய சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கென்றே ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்புதான் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே கிளினிக்காக மாற்றி ஓட்டியது. பஸ்ஸுக்குள் டிவி, டிவியில் சென்னை டாக்டர், பின்னால் மருந்து. எங்கள் ஊர் அந்தப் பஸ் போகும் வழியில் இல்லை, எங்கள் அதிர்ஷ்டம். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் இருக்கிறது, 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நாடு முழுக்க லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாது என்னும்போது, ஃபோன் எடுக்க ஓர் ஆள் இருப்பதே பெரிய விஷயம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் உண்டு. மாதம் ஒருமுறை ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நான் இங்கே செய்யும் வேலை மாதிரியேதான், கார் மட்டும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நோட்டில் எழுதிக்கொள்வார். தம்பி பக்கத்திலேயே இருப்பான். ஒருநாள் அம்மா கேட்டிருக்கிறாள், "இவன் ஊசியையும் அப்படியே கொண்டாந்துர்றியா?" "என் லிஸ்ட்ல அது இல்லையேம்மா" என்றாராம் அவர். அம்மாவின் மருந்து திண்ணைக்கு வருகிறது. தம்பியின் மருந்துக்கு அம்மா இரண்டு பஸ் மாறுகிறாள்.

இந்த மாதம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஊசித் தேதி நெருங்க நெருங்க நான்தான் இங்கே பதறினேன். பெரியப்பா மகனைக் கேட்டேன், அறுப்பு வேலை என்றான். ஆட்டோவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றேன். தம்பி ஃபோனை வாங்கி, "நானே போயிட்டு வர்றேன்க்கா" என்றான்.

போனான். காலை ஆறரை பஸ், அட்டையைக் காட்டி. அந்த நேரம் இங்கே நடுராத்திரி, நான் தூங்கவே இல்லை. மத்தியானம் அவர்கள் கணக்கில் இரண்டு மணிக்கு அழைத்தான். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்ன?"

"நான்தான் பேஷண்ட், நான் வந்திருக்கேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"உள்ள கூப்பிட்டு அந்தம்மா என்னையே கேட்டாங்க, தூக்கம் வருதா, சத்தம் கேக்குதான்னு. சொன்னேன். ஊசி போட்டாங்க. இந்தத் தடவை ரொம்ப வலிச்சுச்சு, பேசாமப் போட்டாங்க." கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பின்னால் பஸ் ஹாரன். "பஸ் ஸ்டாண்டுல வாழக்கா பஜ்ஜி நாலு வாங்கியிருக்கேன். அம்மாவுக்கு ரெண்டு."